கிரேக்க வரலாறு படிக்க கேம் வாங்கலாமா?

கேள்வி: 9ஆம் வகுப்பு படிக்கும் என் மகனுக்குப் பாடத்தில் பண்டைய கிரேக்கம் வருகிறது. 'அசாசின்ஸ் கிரீட் ஒடிஸி' விளையாடினால் எல்லாம் மனதில் நிற்கும் என்று சொல்லி கோல்டு எடிஷன் கேட்கிறான். வீட்டில் இருப்பது சாதாரண லேப்டாப். வாங்கித் தரலாமா?

பதில்: கோல்டு எடிஷன் வேண்டாம். கூடுதல் பணத்துக்குக் கிடைக்கும் சீசன் பாஸில் (கூடுதல் கதைகளின் தொகுப்பு) பாதி எலிசியம் என்ற சொர்க்கம், பாதாளம், அட்லாண்டிஸ் என்று முழுப் புராணக் கற்பனை. உங்கள் மகனுக்குத் தேவையானது ஸ்டாண்டர்டு எடிஷனிலேயே இருக்கிறது. அதுவும் கதையில் அல்ல, 2019 செப்டம்பரில் இலவசமாகச் சேர்த்த 'டிஸ்கவரி டூர்' பகுதியில். மெனுவிலிருந்தே நேராகத் திறக்கலாம். கதையை முடித்திருக்கத் தேவையில்லை. சண்டை கிடையாது. நகரங்கள், அன்றாட வாழ்க்கை, போர், தத்துவம், புராணம் என்று 30 சுற்றுலாக்கள். வரலாற்றாசிரியர் ஹெரோடோட்டஸ், ஏதென்ஸின் அறிவாளிப் பெண் அஸ்பேசியா போன்றவர்கள் கூட வந்து விளக்கி, முடிவில் கேள்வியும் கேட்பார்கள். பி.சி.க்கு இந்தப் பகுதியைத் தனியாகவும் வெளியிட்டிருக்கிறார்கள். கிடைத்தால் அதையே வாங்குங்கள். முழு கேமுக்கு ஐரோப்பாவில் 18 வயது வரம்பு. அதை மீறி வாங்கித் தரச் சொல்ல மாட்டோம்.

கதையில் வரலாறே இல்லையா என்றால், இருக்கிறது. கதையின் பெரும்பகுதி கி.மு. 431இல் தொடங்குகிறது. ஏதென்ஸின் பார்த்தினான் கோயில் வேலை முடிந்தது கி.மு. 432இல். அதனால் கேமில் அது புதுக்கருக்கு மாறாமல் நிற்கிறது. சிலைகளுக்கு வண்ணம் பூசியிருப்பதும் சரியே; வெறும் வெள்ளைப் பளிங்காக அவை அன்று இருக்கவில்லை. மெதுசா, மினோட்டார் என்ற புராண அரக்கர்கள் வரும் இடத்தில் எந்தப் பிள்ளையும் ஏமாறாது. ஏமாற்றுவது உண்மைப் பெயர்கள் வரும் காட்சிகள்தான். கேமில் ஏதென்ஸின் தலைவர் பெரிக்கிளிஸ் கொலை செய்யப்படுகிறார். உண்மையில் அவர் இறந்தது கி.மு. 429இல், ஏதென்ஸைச் சூறையாடிய கொள்ளைநோயால் என்கிறார் பழங்கால வரலாற்று எழுத்தாளர் புளூட்டார்க். கி.மு. 422இல் ஆம்ஃபிபோலிஸ் போரில் ஏதென்ஸ் தளபதி கிளியோனும் ஸ்பார்ட்டா தளபதி பிராசிடாஸும் மடிந்தது நிஜம். கேமில் அவர்களைக் கொல்பவர்கள் கற்பனை.

லேப்டாப் விஷயத்தில் அவசரப்படாதீர்கள். ஒடிஸிக்குக் குறைந்தபட்சமே 8 ஜிபி ராம், ஜிடிஎக்ஸ் 660 அளவுக்குத் தனி கிராபிக்ஸ் கார்டு, 46 ஜிபி காலியிடம். அதில்கூடக் கிடைப்பது 720பி தெளிவில், லோ செட்டிங்கில், நொடிக்கு 30 ஃபிரேம்தான். தனி கார்டு இல்லாத லேப்டாப்பில் திக்கித் திணறும். ஸ்டீம் என்ற ஆன்லைன் கேம் கடையில் வாங்கினால் 14 நாளுக்குள், 2 மணி நேரத்துக்குக் குறைவாக ஓட்டியிருந்தால் பணம் திரும்பக் கிடைக்கும். செட்டிங்கை மாற்றிக்கொண்டு உட்கார்ந்திருக்கும் நேரமும் அந்த 2 மணி நேரத்தில் சேரும். உங்கள் லேப்டாப்பில் எவ்வளவு சீராக ஓடும் என்று காட்டும் பெஞ்ச்மார்க் சோதனை கேமிலேயே இருக்கிறது, முதல் வேலையாக அதை ஓட்டிப் பாருங்கள். மலிவாகக் கிடைக்கிறதென்று வெளித்தளங்களில் கீ (கேமைத் திறக்கும் குறியீடு) வாங்கினால் ஸ்டீம் பணம் தராது.

கேள்வி: கிரேக்கப் புராணத்துக்கு 'ஹேடிஸ்' கேம் சரிப்படுமா?

பதில்: சரிப்படும். 2020இல் வந்தது, 4 ஜிபி ராமிலேயே ஓடும், ஐரோப்பிய வயது வரம்பு 12. ஆனால் பழங்கதையில் பெர்சிஃபோன் என்ற தேவியைப் பாதாள தெய்வம் ஹேடிஸ் கடத்திச் செல்கிறான். கேம் அதை மாற்றியிருக்கிறது. நாயகன் சாக்ரியஸ் ஆர்ஃபிக் என்ற பழைய கிரேக்க சமய மரபில் தெய்வங்களின் அரசன் ஜீயஸின் மகன், மது தெய்வம் டயோனிசஸாகவே கருதப்படுபவன். இங்கே ஹேடிஸின் மகன். மூலக்கதையைப் படித்துவிட்டு விளையாடினால், எங்கே எதை மாற்றினார்கள் என்று பிள்ளையே பிடித்துவிடும்.