மின்னுவது கேமராவா, சளிப்பூஞ்சையா?

கேள்வி: பெட்ரி தட்டில் ஓட்ஸ் வைத்து ஃபைசாரம் சளிப்பூஞ்சை வளர்க்கிறேன். 30 வினாடிக்கு ஒரு படம் என 10 மணி நேரத்தில் 1,200 படங்கள் எடுத்தேன். வினாடிக்கு 24 ஃப்ரேம் வேகத்தில் வீடியோவாக்கினால் படபடவென்று மின்னுகிறது. எப்படிச் சரிசெய்வது?

பதில்: மின்னலை அழிக்கும் மென்பொருளைத் தேடாதீர்கள். அதில் ஒரு பங்கு உங்கள் உயிரினத்துடையதாகவே இருக்கலாம். சளிப்பூஞ்சையின் (பெயரில்தான் பூஞ்சை, உண்மையில் அமீபா இனம்) குழாய்களுக்குள் சைட்டோபிளாசம் (செல்லுக்குள் இருக்கும் கூழ்) ஒரு பக்கம் ஓடி, நின்று, திரும்பி ஓடும். இந்தத் துடிப்பின் ஒரு சுற்றுக்குச் சுமார் ஒன்றரை நிமிடம். 30 வினாடி இடைவெளியில் ஒரு துடிப்புக்கு மூன்று படம்தான் சிக்கும். அதை 24 ஃப்ரேமில் ஓட்டினால் வினாடிக்கு எட்டுத் துடிப்பு! கண்ணுக்கு அது மின்னலாகத்தான் தெரியும்.

கேமராவும் குற்றவாளியா என்று பார்ப்பது சுலபம். இலவசமாகக் கிடைக்கும் ஃபிஜி (Fiji) என்ற பட ஆய்வு மென்பொருளில் படங்களை இமேஜ் சீக்வன்ஸாகத் திறந்து, பூஞ்சை எட்டாத ஒரு மூலையில் சின்னக் கட்டம் போட்டு, 'ப்ளாட் இசட்-ஆக்சிஸ் ப்ரொஃபைல்' கொடுங்கள்; அந்தக் கட்டத்தின் வெளிச்சம் படத்துக்குப் படம் எப்படி மாறுகிறது என்று ஒரு கோடாக வரும். கோடு நேராகப் போனால் கேமரா நிரபராதி. ஏறி இறங்கினால் ஆட்டோ எக்ஸ்போஷரோ, அறை விளக்கோ காரணம். அப்போது, படங்களின் வெளிச்சத்தைச் சமன்படுத்தும் 'பிளீச் கரெக்‌ஷன்' பயன்படுத்தலாம். ஆனால் அது துடிப்பையும் சேர்த்து மழுக்கிவிடும். படத்துக்குப் படம் தனித்தனியாகக் கான்ட்ராஸ்ட் மாற்றவே கூடாது, எல்லாப் படங்களுக்கும் ஒரே அளவுதான்.

இருக்கும் படங்களை 10 ஃப்ரேமில் ஓட்டிப் பாருங்கள். இரண்டு நிமிட வீடியோ, 300 மடங்கு வேகம், துடிப்பும் கண்ணுக்குப் பிடிபடும். அந்த '300 மடங்கு' என்பதை வீடியோவிலேயே எழுதுங்கள், கூடவே அளவுகோலும். அடுத்த முறை 10 வினாடிக்கு ஒரு படம் எடுங்கள். எக்ஸ்போஷர், வொயிட் பேலன்ஸ் இரண்டையும் கையால் பூட்டிவிடுங்கள். அப்புறம், இந்த உயிரினம் வெளிச்சத்தைக் கண்டால் ஒதுங்கும்; படமெடுக்கும் நொடியில் மட்டும் விளக்கு எரிந்தால் போதும்.

கோப்புப் பெயர்களில் 0001, 0002 என்று பூஜ்யம் சேர்த்திருக்கிறீர்களா? இல்லையென்றால் சில மென்பொருள்களில் 1-க்கு அடுத்து 10 வந்து நிற்கும், பூஞ்சை முன்னும் பின்னும் குதிக்கும். எம்பி4 ஆக்கும்போது அகலமும் உயரமும் இரட்டைப்படை பிக்சலாக இருக்கட்டும்; 1,023 என்றால் பல மென்பொருள்களில் எம்பி4 ஆக மாறவே மாறாது. மூலப் படங்களை மட்டும் அழிக்காதீர்கள், வேகத்தை அளப்பதற்கு அவைதான் வேண்டும்.