இரண்டு அயன்கள்

அன்புள்ள அண்ணா,

கிளிநொச்சியில் உயர்தரம் கணிதப் பிரிவில் படிக்கிறேன். மின்புலத்தில் அடைத்துவைத்த அயன்கள் (மின்னேற்றம் கொண்ட அணுக்கள்) சிலவேளை கேயாஸ் என்ற ஒழுங்கற்ற நிலைக்குப் போய்விடும், எங்கே இருக்கும் என்று சொல்லவே முடியாது என்று வாசித்தேன். பௌதிகத்துக்கே தெரியாதென்றால், எங்கள் வன்னிக்கு நடந்ததைப்போல எல்லாமே தலையெழுத்துத்தானே? நான் பௌதிகம் படிப்பதா, பொறியியலா?

அன்புள்ள தம்பி,

கடைசிக் கேள்வியை வீட்டில் பேசி முடிவெடுங்கள். ‘தலையெழுத்து’ என்று எழுதினீர்களே, அதற்குத்தான் இந்தப் பதில். நானும் சில காலமாக அதைப் பற்றியே யோசித்துக்கொண்டிருக்கிறேன்.

மாறாத மின்புலத்தால் மட்டும் ஒரு மின்னேற்றத்தை அந்தரத்தில் நிறுத்திவைக்க முடியாது என்று ஏர்ன்ஷோ என்ற ஆங்கிலேய அறிஞர் 1842 இலேயே நிறுவிவிட்டார். ஜெர்மானியப் பௌதிகவியலாளர் வுல்ஃப்காங் பவுல் வானொலி மீடிறனில் திசைமாறும் புலத்தைக்கொண்டு அயன்களைப் பிடித்துவைக்கும் பொறி அமைத்தார். 1989 நோபல் பரிசில் அவருக்கும் பங்கு கிடைத்தது. அந்தப் பொறியில் அயன் ஒன்றே ஒன்று இருந்தால் சமன்பாடு நேரியலானது (விசை இடப்பெயர்ச்சிக்கு நேர்விகிதம்), கேயாஸுக்கு இடமில்லை. இரண்டாவதை உள்ளே விட்டதும் அவை ஒன்றையொன்று தள்ளுகின்றன. அந்த விசை தூரத்தின் வர்க்கத்துக்கு நேர்மாறு. நேரியல் அங்கேயே உடைந்துவிடுகிறது. லேசரால் நன்றாகக் குளிரவைத்தால் இரண்டும் பளிங்குபோல ஒழுங்காக நிற்கும். குளிர்ச்சி போதாதபோது கேயாஸாக அலைந்து, புலத்திலிருந்தே சக்தியை உறிஞ்சி மேலும் சூடாகும்.

இதைக் கவனமாக வாசியுங்கள். அந்த அலைச்சலின் எந்தக் கணத்திலும் நியூட்டனின் சமன்பாடு மீறப்படுவதில்லை. ஆரம்பத்தில் இருந்த மிகச் சிறிய வித்தியாசம் அடுக்குக்குறியாகப் பெருகி, நம் அளவீட்டின் துல்லியத்தைத் தின்றுவிடுகிறது. அதனால் எங்களால் முன்கூட்டிச் சொல்ல முடிவதில்லை. தள்ளுகிற விசை அப்போதும் தள்ளிக்கொண்டுதான் இருக்கிறது.

தொண்ணூறுகளில், மின்சாரமில்லாத வன்னியில், ஜாம் போத்தல் விளக்கு வெளிச்சத்தில் எறியம், அதாவது எறியப்பட்ட பொருளின் இயக்கம், படித்தோம். ஷெல் சத்தம் கேட்டால் ஆசிரியர் “எங்கிருந்து ஏவுகிறார்கள்?” என்று கேட்பார். கடவுளே என்று யாராவது முனகினால் அவருக்குக் கோபம் வரும். எங்கே விழும் என்று எங்களுக்குத் தெரியாது, உண்மை. ஆனால் ஏவியவர்கள் இருந்தார்கள், ஆணையிட்டவர்கள் இருந்தார்கள். அதைத் தலையெழுத்து என்று எழுத உங்களுக்கு எப்படி மனம் வந்தது? 2009 இல் நீங்கள் கைக்குழந்தையாக இருந்திருப்பீர்கள். உங்களைத் தூக்கிக்கொண்டு நடந்தவர்களிடம் கேளுங்கள்.

கோபித்துக்கொள்ளாதீர்கள். நல்ல பிள்ளை என்பதால்தான் இவ்வளவு ஏசுகிறேன். பாடசாலைக் கணினியில் இரண்டு அயன்களுக்கும் சமன்பாடு எழுதி ஓட்டிப்பாருங்கள். பிறகு ஓர் அயனின் ஆரம்ப இடத்தை ஆறாவது தசம தானத்தில் மட்டும் மாற்றி மறுபடி ஓட்டுங்கள். இரண்டு வரைபுகளையும் எனக்கு அனுப்பிவையுங்கள்.