போர்க்காலத்தில் மனிதாபிமானப் பணி செய்தவர்களில் உங்களை மிகவும் பாதித்தவர் யார், ஏன்?

இரேனா செண்ட்லர். போலந்தில் வார்சா நகராட்சியின் சமூகநலத் துறையில் வேலை பார்த்தவர். அவரைப் பற்றிய பேச்சு பெரும்பாலும் அவருடைய குழு காப்பாற்றியதாகச் சொல்லப்படும் சுமார் 2,500 குழந்தைகளில் தொடங்கும். எனக்கோ, அந்தக் குழந்தைகளின் பெயர்களை அவர் எழுதிவைத்தாரே, அதுதான் பெரிது.

1940-இன் இறுதியில், போலந்தைக் கைப்பற்றியிருந்த நாஜி ஜெர்மானியர்கள் வார்சாவின் யூதர்களை, நான்கு லட்சத்துக்கும் மேற்பட்டவர்களை, மதில் எழுப்பி ஒரு சிறிய பகுதிக்குள் அடைத்தார்கள். உள்ளே பசியும் டைபஸ் காய்ச்சலும். காய்ச்சல் மதிலைத் தாண்டிவிடுமோ என்ற பயத்தில் சுகாதாரப் பணிக்கு வருகிறவர்களை உள்ளே விட்டார்கள். செண்ட்லர் அந்த அனுமதிச் சீட்டை வாங்கிக்கொண்டார். அவருடைய தந்தை மருத்துவர். 1917-இல் இதே டைபஸ் நோயாளிகளுக்கு வைத்தியம் பார்த்து, அதே நோயில் இறந்தவர்.

மருந்தும் உணவும் உள்ளே போயின. குழந்தைகள் வெளியே வந்தார்கள். ஆம்புலன்சில், மூட்டையில், பெட்டியில், நீதிமன்றக் கட்டடத்தின் பின்வாசல் வழியாக. 1942-இல் ஆறு மாதக் குழந்தை ஒன்றை மரப்பெட்டியில் வைத்து, செங்கல் ஏற்றிய லாரியில் கடத்திவந்தார்கள். கூடவே பெற்றோர் ஒரு வெள்ளிக் கரண்டியையும் வைத்திருந்தார்கள். அதில் குழந்தையின் செல்லப்பெயரும் பிறந்த தேதியும் பொறிக்கப்பட்டிருந்தன. பிள்ளை பிழைப்பாள் என்று உறுதி தர முடியுமா என்று கேட்ட தாய்மார்களிடம், மதில் வாசலைத் தாண்டுவதற்குக்கூட உறுதி தர முடியாது என்றுதான் செண்ட்லரால் சொல்ல முடிந்தது. எந்த மனத்தோடு கையை விட்டிருப்பார்கள்!

வெளியே வந்த குழந்தைக்குப் புதுப் பெயர், கிறிஸ்தவப் பிரார்த்தனைகள், புதுக் குடும்பம் அல்லது கன்னிமாடம். உயிர் தப்பிய குழந்தை, தான் யார் என்பதை அடியோடு மறந்துபோகலாம். அதனால்தான் அவர் மெல்லிய காகிதத் துண்டுகளில் உண்மைப் பெயரையும் புதுப் பெயரையும் எழுதிவைத்தார். சிக்கினால் மரணம் என்று தெரிந்தே எழுதினார்.

1943 அக்டோபரில் நாஜிகளின் ரகசியப் போலீசான கெஸ்டாப்போ வீட்டுக்கே வந்தது. பட்டியலைத் தோழி ஒருவர் தன் உள்ளாடைக்குள் மறைத்துவிட்டார். பாவியாக் சிறையில் நடந்த சித்திரவதையிலும் செண்ட்லர் ஒரு பெயரைக்கூடச் சொல்லவில்லை. யூதர்களுக்கு உதவிய ஜெகோட்டா என்ற தலைமறைவு அமைப்பு லஞ்சம் கொடுத்து அவரை மீட்டது. அதன் பிறகும் வேறு பெயரில் வேலையைத் தொடர்ந்தார். பட்டியல் கண்ணாடிக் குடுவைக்குள் போய், ஒரு தோட்டத்தில் ஆப்பிள் மரத்தடியில் புதைந்தது. போர் முடிந்து அதைத் தோண்டி எடுத்துக் கொடுத்தபோது, அந்தப் பெற்றோரில் மிகப் பெரும்பாலோர் உயிரோடு இல்லை.

கௌரவங்கள் மெதுவாகத்தான் வந்தன. 1965-இல் இஸ்ரேலின் யூத இனப்படுகொலை நினைவகமான யாத் வஷேம் அவரை அங்கீகரித்தது. ஆனால் அந்த கௌரவத்தின் அடையாளமான மரத்தை ஜெருசலேமில் நட அவர் போக முடிந்தது 1983-இல்தான். கம்யூனிஸ்ட் அரசு அதுவரை பயணத்துக்கு அனுமதி தரவில்லை. 2003-இல் போலந்தின் மிக உயர்ந்த விருதான வெள்ளைக் கழுகு விருது கிடைத்தது. 2007-இல் அமைதி நோபலுக்குப் பரிந்துரைக்கப்பட்டு, கிடைக்காமல் போனதற்காகப் பலர் வருந்துகிறார்கள். அந்தப் பதினெட்டு ஆண்டுக் காத்திருப்புதான் எனக்கு அதைவிட வலிக்கிறது.

2008 மே மாதம், 98 வயதில் இறந்தார். தான் மட்டும் தனியாக எதையும் செய்யவில்லை என்பதையும், இன்னும் நிறையச் செய்திருக்கலாம் என்பதையும் கடைசிவரை சொல்லிக்கொண்டிருந்தார்.