மூன்று சாவிகளை ஒன்றாக்கலாமா?

கேள்வி: என்னிடம் 1996ஆம் ஆண்டு மாருதி 800 கார் இருக்கிறது. முந்தைய உரிமையாளர் பூட்டுகளை வெவ்வேறு காலங்களில் மாற்றியிருப்பதால், இக்னிஷனுக்கு ஒன்று, முன்கதவுகளுக்குத் தனித்தனியே ஒவ்வொன்று என மூன்று சாவிகளை வைத்திருக்கிறேன். பூட்டின் உட்புறத்தை அரத்தால் தேய்த்து ஒரே சாவிக்குக் கொண்டுவந்துவிடலாம் என்று சாவிக்கடைக்காரர் சொல்கிறார். சம்மதிக்கலாமா?
– வாசகர், கும்பகோணம்

பதில்: ஒரே சாவிக்குக் கொண்டுவரலாம், ஆனால் அரத்தால் தேய்க்கச் சம்மதிக்காதீர்கள்.

இத்தகைய பூட்டின் உருளைக்குள் மெல்லிய பித்தளைத் தகடுகள், ஒவ்வொன்றும் ஒரு சிறு ஸ்பிரிங்கின் மேல், வரிசையாக நிற்கின்றன. ஒவ்வொரு தகட்டின் நடுத்துளையும் வெவ்வேறு உயரத்தில் இருப்பதால், உரிய சாவியைச் செருகும்போது மட்டுமே எல்லாத் தகடுகளின் முனைகளும் உருளைக்குள் அடங்கி அது சுழலும். வேறு சாவியைச் செருகினால் சில முனைகள் வெளியே நீண்டு தடுக்கும். அந்த முனைகளைத் தேய்த்துவிட்டால் அன்றைக்குப் பூட்டு திறக்கும் என்பது உண்மைதான். ஆனால் குட்டையாகிவிட்ட தகடு பல உயரங்களில் உள்ளே அடங்கிவிடுவதால், வேறு சாவிகளுக்கும் அந்தப் பூட்டு இடம்கொடுக்கத் தொடங்கும். தேய்ப்பதற்குப் பதிலாகத் தகட்டையே மாற்ற வேண்டும். இரண்டு கதவுப் பூட்டுகளும் ஒரே வகையாக இருந்தால், தேவையான தகடுகளில் சில உங்கள் பூட்டுகளிலேயே இடம் மாறிக் கிடக்கலாம்.

முதலில் இக்னிஷன் சாவியைக் கதவுப் பூட்டில் செருகிப் பாருங்கள். திரும்பாவிட்டாலும் கடைசிவரை உள்ளே போனால் வேலை நடக்கும். நுழையவே மறுத்தால் சாவியின் பள்ள அமைப்பே வேறு என்று பொருள், ஆகவே உதிரிபாகக் கடையில் முழு லாக் செட்டாக வாங்குவதே வழி.

கதவுகளைத்தான் இக்னிஷன் சாவிக்குப் பொருத்த வேண்டும், மறுபுறமாக அல்ல. இக்னிஷன் பூட்டு ஸ்டீயரிங் பூட்டோடு சேர்ந்தே இருப்பதால் அதைக் கழற்றுவது கடினம். அதைவிட முக்கியமாக, அதன் தகடுகள் சரியாக நிற்காவிட்டால் வண்டி ஓடும்போதே சாவி கழன்று வரும் நிலை ஏற்படலாம். எனவே ஒழுங்காக வேலை செய்யும் இக்னிஷன் பூட்டைத் தொடவே வேண்டாம். சாவியே தேய்ந்திருந்தால், நகலுக்கு நகல் எடுக்காமல், சாவி எண் கிடைத்தால் அதைக்கொண்டு புதிதாக வெட்டச் சொல்லுங்கள்.

கதவின் உட்பலகையைக் கழற்றி, உருளையைப் பிடித்திருக்கும் கிளிப்பையும் தாழ்க்கம்பியையும் விடுவித்தால் பூட்டு வெளியே வந்துவிடும். கண்ணுக்கே தெரியாமல் தெறித்துவிடும் ஸ்பிரிங்குகள் தொலையாமலிருக்க, வெள்ளைத் துணி விரித்து அதன்மேல் பிரிக்கச் சொல்லுங்கள். வேலை முடிந்ததும், சாவி உள்ளே இருக்கும்போது உருளையின் மேல் விரலை ஓட்டினால் எந்தத் தகடும் தட்டுப்படக் கூடாது. சாவியை எடுத்ததும் எல்லாத் தகடுகளும் வெளியே நீண்டு நிற்க வேண்டும். இந்த இரண்டாவது சோதனையைச் செய்ய மறுக்கும் கடைக்காரரிடம் உங்கள் வண்டியை ஒப்படைக்காதீர்கள், ஏனெனில் தேய்த்த தகடுகள் அங்கேதான் வெளிப்பட்டுவிடும்.

பூட்டுக்கு எண்ணெய் விடுவது தூசியைச் சேர்த்துக் களிம்பாக்கிவிடும்; சிறிதளவு கிராஃபைட் தூள் போதும். மீண்டும் பொருத்தியபின், கதவு திறந்திருக்கும்போதே திருகுளியால் தாழைத் தள்ளி மூடிய நிலைக்குக் கொண்டுவந்து, பல முறை பூட்டித் திறந்து பார்த்த பிறகே கதவைச் சாத்துங்கள்.