ஆட்டின் மேல் பழி போடாதீர்கள்

கேள்வி: சிறுவயதில் எங்கள் வீட்டு வெள்ளாடு என் ரேங்க் கார்டை, மேல் பல்லும் கீழ்ப் பல்லும் தெரிய நறநறவென்று கடித்து, ஒரே வாயில் விழுங்கிவிட்டது. ஆடுதான் எதையும் தின்னுமே! வயிறு குலுங்கச் சிரிக்க வைக்கும் இந்த அனுபவத்தை எழுதி அனுப்பி மூன்று மாதமாகிறது. ஏன் பிரசுரிக்கவில்லை? உங்களுக்கு நகைச்சுவை உணர்வே கிடையாதா? (வாசகர் ஒருவர், மதுரை)

பதில்: உண்டு. உங்கள் கடிதத்தை இரண்டு முறை சிரித்துக்கொண்டே படித்தேன். ஆனால் சிரித்தது நீங்கள் எதிர்பார்த்த இடத்தில் அல்ல. அந்த மேல் பல்லில். வெள்ளாட்டுக்கு மேல் வரிசையில் முன்பற்களே கிடையாது, ஐயா. கீழே எட்டுப் பல், மேலே வெறும் ஈறு. சந்தையில் ஆடு பிடிக்கிறவர் வாயைப் பிளந்து 'இரண்டு பல்', 'நான்கு பல்' என்று வயது சொல்வது கீழ் வரிசையைப் பார்த்துத்தான். இலையைக் கீழ்ப் பல்லுக்கும் மேல் ஈறுக்கும் நடுவே பிடித்துக்கொண்டு, தலையை ஒரு வெட்டு வெட்டி இழுத்து அறுக்கும். கெட்டி அட்டையை ஒரே வாயில் விழுங்குவதற்கு நீங்கள் மலைப்பாம்பு வளர்த்திருக்க வேண்டும்.

அடுத்தது, 'ஆடுதான் எதையும் தின்னுமே'. இப்படிச் சொல்கிறவர்கள் ஒரு குட்டியைக்கூட வளர்த்துப் பார்க்காதவர்கள் என்பது என் கட்சி. ஆடு தொடாத இலை என்பதால்தான் ஆடாதொடைக்கு அந்தப் பெயர் என்பார்கள். ஆடுதின்னாப்பாளை என்று இன்னொரு மூலிகை இருக்கிறது. ஆடு எதை ஒதுக்குகிறது என்று பார்த்துப் பார்த்துச் செடிக்குப் பெயர் வைத்தவர்களின் பேரப்பிள்ளைகள் நாம். அதற்கே குப்பைத்தொட்டி என்று பட்டம் கட்டுகிறோம். தரையில் போட்ட குழையைத் தானே ஒரு முறை மிதித்துவிட்டால் பிறகு முகர்ந்து பார்த்துவிட்டுப் போய்விடும். குழையைக் கொத்தாகக் கட்டித் தொங்கவிடுவது அழகுக்கா? சுவரொட்டியைத் தின்கிறதே என்று கேட்பீர்கள். அதற்கு வேண்டியது மைதாப் பசை. தாளும் நடிகரும் கூடவே உள்ளே போகிறார்கள். எதையும் தின்னும் என்று நம்பிக் கல்யாண வீட்டில் மிஞ்சிய சோற்றை ஆட்டுக்கு முன்னால் அள்ளிக் கொட்டி, அது வயிறு உப்பி விடிவதற்குள் செத்துப்போனதை நான் பார்த்திருக்கிறேன். அதில் சிரிக்க ஒன்றும் இல்லை.

இவ்வளவு அடித்துப் பேசக் காரணம், உங்கள் காரியத்தை நான் செய்து பார்த்துத் தோற்றவன்.

சாத்தூர்ப் பக்கத்துக் கரிசல் கிராமம் எங்களுடையது. வீட்டில் 'கன்னி' என்ற இனத்து ஆடு ஒன்று இருந்தது. கருகருவென்ற உடம்பு, முகத்தில் கண்ணுக்கு மேலிருந்து மூக்குவரை பக்கத்துக்கு ஒரு வெள்ளைக் கோடு. பாட்டி வைத்த பெயர் கருப்பி. ஆறாம் வகுப்பு அரையாண்டுத் தேர்வில் எனக்குக் கணக்கில் 28. தேறுவதற்கு 35 வேண்டும். அப்பாவோ பருத்திக் கடையில் கணக்கு எழுதுகிறவர். கார்டில் அவர் கையெழுத்து வேண்டும். எனக்கு வந்த யோசனையும் உங்களுடையதேதான்.

மத்தியான நேரம், தொழுவத்தில் யாரும் இல்லை. கார்டை நீட்டினேன். கருப்பி முகர்ந்தது. உதட்டால் ஒரு மூலையைப் புரட்டிப் பார்த்தது, எங்கள் வாத்தியார் விடைத்தாளைப் புரட்டுவதைப் போலவே. ஒரு தும்மல் தும்மிவிட்டு அசைபோடப் போய்விட்டது. நான்காக மடித்துக் கொடுத்தேன், வேண்டாம் என்றது. வேப்பங்குழைக்கு நடுவில் செருகிக் கொடுத்தேன். குழை முழுவதையும் தின்றது, கார்டை மட்டும் கடைவாய் ஓரமாக நழுவவிட்டது. அடுப்படிக்கு ஓடிக் கருப்பட்டியை நுணுக்கி, தண்ணீர் விட்டுக் குழைத்து, இரண்டு பக்கமும் பூசிக்கொண்டு வந்தேன். அப்போதுதான் கருப்பிக்கு என் படிப்பில் அக்கறை பிறந்தது. தமிழ், அறிவியல், வரலாறு என்று பேதம் பார்க்காமல் நக்கியது. கருப்பட்டி தீர்ந்ததும் நிறுத்திக்கொண்டது.

கையில் மிஞ்சியது ஊறிப்போன அட்டை. வாத்தியார் மற்ற மதிப்பெண்களையெல்லாம் மைப்பேனாவால் எழுதியிருந்தார். அவை நீல மேகமாகக் கரைந்து போயிருந்தன; தமிழில் நான் வாங்கிய 71-ம் அதில் போயிற்று. கணக்கை மட்டும் சிவப்புப் பால்பாயிண்ட் பேனாவால் எழுதி, அடியில் இரண்டு கோடும் போட்டிருந்தார். அந்த 28 அப்படியே நின்றது, முன்னைவிடப் பளிச்சென்று.

சாயங்காலம் அப்பா அட்டையை லாந்தர் விளக்குப் பக்கம் பிடித்துப் பார்த்தார். "மற்றப் பாடமெல்லாம் எங்கே?"

"ஆடு தின்றுவிட்டது, அப்பா."

"நல்ல மார்க்கையெல்லாம் அது தின்றிருக்கிறது. இதை அதனாலும் தின்ன முடியவில்லை போலிருக்கிறது" என்று சொல்லிவிட்டுக் கையெழுத்துப் போட்டார். அடி என்னவோ விழுந்தது. ஆனால் அது பாட்டியிடமிருந்து, அரை வட்டுக் கருப்பட்டிக்காக. மறுநாள் வகுப்பில் அந்தக் கார்டைச் சுற்றி எறும்பு வரிசை கட்டியது தனிக்கதை.

உங்கள் கடிதம் இன்னும் என் மேசையில்தான் இருக்கிறது. அந்தக் கார்டில் கணக்குக்கு எத்தனை மதிப்பெண் என்பதை மட்டும் ஒரு தபால் அட்டையில் எழுதி அனுப்புங்கள். அடுத்த இதழிலேயே போட்டுவிடுகிறேன். மேல் பல்லை நான் பிடுங்கிவிடுவேன்.