ஃபெஸ்ஸில் தங்க, சாப்பிட, வாங்க – கடிதம்

அன்புள்ள ஆசிரியருக்கு,

மொராக்கோ பற்றி நீங்கள் எழுதியதைப் படித்த ஆசையில், மார்ச் மாதம் அம்மாவுடன் ஃபெஸ் போகிறேன். பழைய நகரத்துச் சந்துகளில் வழி தவறிவிடும் என்று எல்லோரும் பயமுறுத்துகிறார்கள். புதிய நகரில் ஓட்டல் எடுத்துவிடலாமா? அம்மாவுக்கு மேடு ஏறினால் மூச்சு வாங்கும். இருவரும் சைவம். எங்கே சாப்பிடுவது, என்ன வாங்குவது?

கே.

அன்புள்ள கே.,

பழைய நகரத்துக்குள்ளேயே தங்குங்கள். பிரெஞ்சுக்காரர்கள் காலத்தில் கட்டிய புதிய நகரம் வசதியானது, அவ்வளவுதான். மதில் சூழ்ந்த அந்தப் பழைய நகரத்தை, ஃபெஸ் எல் பாலியை, கடை திறக்கும் முன்பும் மூடிய பிறகும் பார்க்க வேண்டும். பகலில் மட்டும் வந்து போகிறவர்களுக்குக் கூட்டம்தான் கண்ணில் படும்.

நடுவில் முற்றமும் சுற்றிலும் அறைகளுமாக இருக்கும் ரியாத் வீடுகள் நிறைய உண்டு. படத்தைப் பார்த்து மயங்காமல் இருக்கும் இடத்தைப் பாருங்கள். சந்துகளுக்குள் கார் வராது. அதனால் பாப் பூ ஜலூத் வாசல் பக்கமோ பத்தா சதுக்கம் பக்கமோ எடுத்தால் பெட்டியோடு அலைய வேண்டாம். படிகள் செங்குத்தானவை, அம்மாவுக்குக் கீழ்த்தள அறை வேண்டும் என்று முன்பதிவு செய்யும்போதே கேளுங்கள். ஹீட்டர் உண்டா என்றும் கேளுங்கள், மார்ச் இரவுகள் குளிரும்.

பூ ஜலூதிலிருந்து தலா கெபீரா தெரு இறங்கிக்கொண்டே போகும். அம்மாவை அதே வழியில் திரும்ப ஏற வைக்காதீர்கள். கீழே ரசீஃப் சதுக்கத்தில் சிவப்பு டாக்சி கிடைக்கும், மீட்டர் போடச் சொல்லி மேலே வந்துவிடலாம். நடக்கும்போது முதுகுக்குப் பின்னால் "பலாக்!" என்று குரல் கேட்டால் உடனே சுவரோரம் ஒதுங்குங்கள். சுமை ஏற்றிய கழுதை வருகிறது.

காலையில் பிசாரா சாப்பிடுங்கள். காய்ந்த ஃபாவா பீன்ஸை பூண்டோடு குழைய வேகவைத்து, மேலே ஆலிவ் எண்ணெயும் சீரகத்தூளும் விட்டுத் தருவார்கள். நம் பருப்புக் கடையல் மாதிரி. வட்ட ரொட்டியைப் பிய்த்துத் தொட்டுச் சாப்பிட வேண்டும். சின்னக் கடைகளில்தான் ருசி. கத்தரிக்காயும் தக்காளியும் மசித்த ஸாலூக் எங்கும் கிடைக்கும். ஆவியில் வேகவைத்த கோதுமை ரவையான கூஸ்கூஸை, காய்கறி போட்டது என்றால் மட்டும் விசாரியுங்கள், பல இடங்களில் இறைச்சி வெந்த சாற்றிலேயே காயையும் போடுவார்கள். ஹரீரா சூப்பும் அப்படித்தான்.

வாங்குவதென்றால் என் முதல் இடம் செஃபாரீன் சதுக்கம். 859இல் தொடங்கியதாகச் சொல்லப்படும் காரவீன் மசூதி-பல்கலைக்கழகத்தின் நூலகம் அங்கேதான் இருக்கிறது. அதன் எதிரிலேயே செம்பு கொட்டும் சத்தம் காதைப் பிளக்கும். கல்யாணத்துக்குச் சமைக்கும் அண்டாக்கள் வாசலில் அடுக்கியிருக்கும். தட்டுகிறவரிடமே வாங்குங்கள். சமையலுக்கு என்றால் பாத்திரத்தின் உள்ளே கைவிட்டுப் பாருங்கள்: வெள்ளீயம் விடுபடாமல், விளிம்பு வரை வெள்ளையாகப் பூசியிருக்க வேண்டும். வெளிப் பளபளப்பை நம்பாதீர்கள், அது ஒரு வருடத்தில் கறுத்துவிடும். அடி கனமாக இருக்கிறதா என்பதுதான் கேள்வி.

ஷுவாரா தோல் பதனிடும் தொட்டிகளைக் கடை மாடிகளிலிருந்து பார்க்கலாம். சுண்ணாம்பும் புறா எச்சமும் சேர்ந்த நாற்றம் கடுமையானது. அம்மாவுக்கு மூச்சுத் தொந்தரவு என்றால் விட்டுவிடுங்கள். தோல் செருப்பைத் தெருக்கடையிலேயே வாங்கலாம்.

வெள்ளிக்கிழமை மதியம் பெரும்பாலான கடைகள் மூடிவிடும், அன்று கடைவீதி வேண்டாம். மிச்ச திர்ஹாமை விமானம் ஏறும் முன்பே மாற்றிவிடுங்கள், வெளிநாட்டில் மாற்றுவது சிரமம்.