பூவும் பின்வாசலும்

அன்புள்ள அக்காவுக்கு,

என் மகள் கத்தோலிக்கச் சகோதரிகள் நடத்தும் பெண்கள் பள்ளியில் ஏழாம் வகுப்பு படிக்கிறாள். ஆண்டு விழாவில் மதர் ‘இங்கே எல்லாக் குழந்தைகளும் சமம்’ என்றார். ஆனால் பூ வைக்கக் கூடாது, காலையில் எல்லாரும் ஜெபம் சொல்ல வேண்டும். நாங்கள் இந்துக்கள். இது என்ன சமத்துவம்?
சு.

அன்புள்ள சு.,

ஜெபத்துக்குச் சட்டத்திலேயே பதில் இருக்கிறது. அரசு அங்கீகாரமோ உதவியோ பெறும் பள்ளி, பெற்றோர் சம்மதம் இல்லாமல் பிள்ளையை வழிபாட்டில் சேர்க்க முடியாது. அரசியலமைப்பின் 28(3) சொல்வது இதுதான். ஒரு கடிதம் எழுதிக் கொடுங்கள். சிஸ்டர்கள் சண்டைக்கு வருவார்கள் என்று எனக்குத் தோன்றவில்லை. கத்தோலிக்கப் பிள்ளைகளுக்கு மறைக்கல்வி நடக்கும் நேரத்தில் மற்ற பிள்ளைகளை நீதிபோதனைக்கு அனுப்புகிறவர்கள்தானே.

பூ விஷயத்தில் எனக்கும் வருத்தம் உண்டு. மல்லிகைச் சரத்தை வாசலில் கழற்றிப் பைக்குள் வைத்து, சாயங்காலம் வாடினதை மறுபடி சூடிக்கொண்டு வீடு வந்தவள் நான்.

சரி, என்னை உறுத்துவதைச் சொல்கிறேன். நான் படித்த கான்வென்ட்டில் ஒரே மதிலுக்குள் இரண்டு பள்ளிகள். முன்வாசலில் மெட்ரிகுலேஷன்: ஷூ, டை, கட்டணம். பின்வாசலில் நாங்கள்: அரசு உதவி பெறும் தமிழ் வழி, சத்துணவு. மணி வேறு, சீருடை வேறு, ஆண்டு விழாகூட வேறு. எங்கள் ஊர் தலித் கிறிஸ்தவப் பிள்ளைகள் அநேகமாக எல்லாரும் பின்வாசல்தான். பூசைக்கு மட்டும் ஒரே கோயில்.

இது இங்கே முளைத்த வழக்கமல்ல. ஐரோப்பிய மடங்கள் பலவற்றில் காசு கட்டுகிறவர்களுக்கு விடுதிப் பள்ளி, ஏழைகளுக்குப் பக்கத்திலேயே இலவசப் பள்ளி. சகோதரிகளுக்குள்ளும் அப்படித்தான். வரதட்சணையோடு வந்தவர்கள் பாடம் சொல்லவும் ஜெபிக்கவும், மற்றவர்கள் அடுக்களைக்கு. கத்தோலிக்க ஆயர்கள் கூடித் திருச்சபையில் சீர்திருத்தம் கொண்டுவந்த இரண்டாம் வத்திக்கான் சங்கத்துக்கு (1962-65) அப்புறம்தான் அந்தப் பிரிவினை ஒழிந்தது. வாசல்கள் மட்டும் அப்படியே நிலைத்துவிட்டன; நம் ஊரில் அவற்றின் மேல் சாதியும் ஏறி உட்கார்ந்துகொண்டது.

சட்டமும் இதில் பெரிதாகக் கை கொடுக்காது. கல்வி உரிமைச் சட்டப்படி தனியார் பள்ளிகள் ஏழை, பின்தங்கிய பிள்ளைகளுக்கு ஒதுக்கும் 25 சதவீத இடங்கள் சிறுபான்மைப் பள்ளிகளுக்குப் பொருந்தாது என்று 2014-ல் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. பட்டியல் சாதிகள் பற்றிய 1950-ஆம் ஆண்டுக் குடியரசுத் தலைவர் உத்தரவால் தலித் கிறிஸ்தவர்களுக்குப் பட்டியல் சாதி ஒதுக்கீடும் இல்லை. முன்வாசலைத் திறப்பதென்றால் சகோதரிகளே மனம் வைத்துத் திறக்க வேண்டும்.

மதரைப் பார்க்கும்போது, இந்த ஆண்டு எத்தனை பிள்ளைகளுக்குக் கட்டணம் தள்ளுபடி என்றும் கேளுங்கள். உங்கள் பள்ளியிலும் இரண்டு வாசல்கள் உண்டா? உங்கள் மகள் எதன் வழியாகப் போகிறாள் என்று எழுதவில்லையே.